15 பாயிண்ட் காலத்து ஆள்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு ஜோடி ஷூ என் மானத்தை வாங்கிவிட்டது.

கல்யாணத்தோடு பரணில் ஏறிய ஷட்டில் ராக்கெட்டைப் பிள்ளைகள் வளர்ந்தபின் இப்போதுதான் இறக்கியிருக்கிறேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஹாலில் வியாழன் இரவு ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாசலில் நின்ற ஹால் பொறுப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். "உள்ளே போடுகிற ஷூ எங்கே?" புது ஷூதானே என்றேன். "டிராமிலிருந்து இதைப் போட்டுக்கொண்டுதானே நடந்து வந்தீர்கள்?"

இங்கே ஹால் ஷூ என்பது தெருவையே பார்க்காத ஷூ. பையில் வைத்துக் கொண்டுவந்து, உடை மாற்றும் அறையில்தான் மாட்ட வேண்டும். அடிப்பாகம் தரையில் கறுப்புக் கோடு இழுக்கக் கூடாது. நேற்று வாங்கியதாக இருந்தாலும் வாசற்படி தாண்டி வெளியே வைத்தால் அதன் ஜாதி மாறிவிடும்! காலையில் பள்ளிப் பிள்ளைகள், மாலையில் ஹேண்ட்பால், இரவில் நாங்கள் என்று எல்லாருக்கும் அதே தரை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நிறத்தில் கோடு போட்டிருப்பதால், பந்து உள்ளேயா வெளியேயா என்று பார்ப்பதற்குள் கண் பூத்துவிடுகிறது.

தஞ்சாவூரில் எங்களுக்கு ஒரே கோடு, சுண்ணாம்புக் கோடு. சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் புழுதி அடக்கி, மூங்கிலில் டியூப்லைட் கட்டி, வெறுங்காலோடு ஆடுவோம். காற்று வந்தால் நிற்கும்வரை சர்வீஸ் போடமாட்டோம். எந்தப் படிவத்திலும் கையெழுத்து வாங்காமல் அந்த மண் எங்களை ஆடவிட்டது.

இங்கே எதற்கும் சங்கம்தான். 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்று சிவில் சட்டமே சொல்கிறது. விளையாட்டுச் சங்கங்கள் மட்டும் நாடு முழுக்கச் சுமார் 86,000. சேர வேண்டுமா, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடு. விலக வேண்டுமா, சில மாதம் முன்னாலேயே எழுதிக் கொடு. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை நரைத்த பெண் ராக்கெட்டோடு வந்து நின்றால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை, நேராக ஒரு ஜோடியில் சேர்த்துவிடுகிறார்கள். நம் ஊரில் இதற்கு மூன்று அத்தைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சரி, ஷூவை மாற்றி இன்னொரு வியாழன் உள்ளே போனேன். அங்கே பெரிய இடி. நான் விட்டுப்போன ஆட்டமே இப்போது இல்லை! 2006இல் கணக்கையே மாற்றிவிட்டார்கள். இப்போது 21 பாயிண்ட். யார் சர்வீஸ் போட்டாலும், அடித்தவருக்குப் பாயிண்ட். எங்கள் காலத்தில் 15 பாயிண்ட், அதுவும் சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட். டபுள்ஸில் முதல் கை போனாலும் இரண்டாம் கை மிச்சமிருக்கும். 8-8 என்று ஏறினால் சர்வீஸ் மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரும், பாயிண்ட் நகராது. 13-13இல் ஆட்டத்தை நீட்டச் செட்டிங் கேட்பதா வேண்டாமா என்று குசுகுசுப்பு வேறு. பிரகாஷ் படுகோன் 1980இலும் கோபிசந்த் 2001இலும் ஆல் இங்கிலாந்து பட்டத்தை ஜெயித்தது இந்தக் கணக்கில்தான். 12-3 என்று பின்தங்கியவனும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவான். இப்போது இரண்டு சர்வீஸைக் கோட்டைவிட்டால் இரண்டு பாயிண்ட் போச்சு. டி.வி.க்காரர்களுக்கு வசதி, எனக்கு இல்லை.

இதை நான் புலம்பியபோது, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முழங்கால் ஆபரேஷனால் பல வருஷம் ஆடாமல் இருந்து திரும்பியவர் அவர். அவருக்கும் இந்த 21 ஒட்டவே இல்லையாம். கடைசி அரைமணி நேரம் ஒரு கோர்ட்டில் 15 பாயிண்ட் ஆட்டம் என்று இருவரும் பேசி வாங்கிவிட்டோம். எப்போது முடியும், ஹாலைப் பூட்ட வேண்டுமே என்று இளவட்டங்கள் கேட்கின்றன. அது எங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?