கடவைகளின் காவல்: மழைக்கால வன்னியில் கோட்டை தேடி

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் "வன்னிக்குக் கோட்டை பார்க்கப் போறம்" என்று சொன்னால் சிரிப்புத்தான் பதிலாக வரும். ஐங்கோண மதிலும் அகழியும் அங்கே ஏது? பூநகரியில் ஒரு சிறிய சதுரம். ஆனையிறவில் கோட்டை இருந்த இடம். முல்லைத்தீவில் பெயர் மட்டும். கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல். இவற்றையும் கார்த்திகை, மார்கழி அடைமழையில் வான் பிடித்துப் பார்க்கப் போகிறோம் என்றால் வீட்டில் உள்ளவர்கள் ஏசவே செய்வார்கள்.

ஆனாலும் இந்த இடங்களுக்கு மழையில்தான் போக வேண்டும். வெயில் காலத்தில் மதிலைப் பார்க்கலாம். அந்த மதிலை ஏன் அந்த இடத்தில் கட்டினார்கள் என்பது களப்பு நிரம்பி, வயல் முழுக்கத் தண்ணீர் நின்று, நடக்கக்கூடிய தரை ஒரு ஒடுங்கிய வரம்பாகச் சுருங்கும்போதுதான் விளங்கும். வன்னியின் கோட்டைகளில் அரசர் எவரும் குடியிருக்கவில்லை. அவை கடவைகளுக்குப் போட்ட காவல்.

கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டால் பரந்தன் சந்தியில் இடப்பக்கம் திரும்பிப் பூநகரிக்குப் போகலாம். இருபுறமும் காலபோக நெல் பச்சையாக நிற்கும். மொட்டைக்கறுப்பன் அரிசிக்குப் பேர்போன மண் இது. பூநகரிக் கோட்டை வீதியோரத்திலேயே இருக்கிறது. போர்த்துக்கீசர் தொடங்கி, 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் பின்னர் விரிவாக்கியது. பக்கம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீற்றர். ஒரு பாடசாலை மைதானத்துக்குள் அடங்கிவிடும்.

எங்கள் குழுவில் வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது, நாலு மூலை இருக்க இரண்டில் மட்டும் ஏன் கொத்தளம் என்பதுதான். எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளம் வைத்தால் போதும். ஒவ்வொன்றிலிருந்தும் அதை ஒட்டிய இரண்டு மதில்களின் வெளிப்புறம் முழுவதும் தெரியும். இரண்டும் சேர்ந்தால் நாலு பக்கமும் துப்பாக்கிக்குள் வந்துவிடும். கல்லும் மிச்சம், ஆளும் மிச்சம். சில சிப்பாய்களைக் கொண்டு ஒரு பாதையைக் காக்க நினைத்தவனின் கணக்கு அது. குடை பிடித்தபடி ஒருவர் ஒரு கொத்தளத்திலும் இன்னொருவர் எதிர் மூலையிலும் நின்று கையைக் காட்டினால், கோட்டைக் கட்டடக்கலையின் பாதியை அங்கேயே படித்துவிடலாம்.

மழை செய்யும் இன்னொரு உதவி கல்லில் தெரியும். காய்ந்திருக்கும்போது மதில் முழுக்க ஒரே சாம்பல் நிறம். நனைந்ததும் முருகைக்கல் கறுத்து அதன் துளைகளும் வரிகளும் தெளிவாகின்றன; சுண்ணாம்புச் சாந்து வெளிறித் தனியே நிற்கிறது. எந்தக் கல் எங்கே முடிகிறது, சாந்து எவ்வளவு தடிப்பு, பிற்காலத்தில் எங்கே பூசியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டலாம். கல்லும் கடலிலிருந்து வந்தது, சாந்தின் சுண்ணாம்பும் முருகையையும் சிப்பியையும் சுட்டு எடுத்தது. மதிலோரம் மாட்டோடு நின்ற ஐயா ஒருவர், "பிள்ளையள், அந்தப் பத்தைக்குள்ள கால் வையாதேங்கோ, மழைக்குப் பாம்பு மேட்டுக்கு வந்து கிடக்கும்" என்று எச்சரித்தார். வெள்ளக் காலத்தில் இடிபாடு பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல அறிவுரை இல்லை.

பூநகரியிலிருந்து கௌதாரிமுனைப் பக்கம் திரும்பினால் வரலாறு இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னுக்குப் போகிறது. மண்ணித்தலையில் மணல் மேடுகளுக்கு நடுவே ஒரு சிறு சிவன்கோவில் இடிந்து நிற்கிறது. செங்கல், கோறைக்கல், சுண்ணாம்பு கொண்டு கட்டிய திராவிட பாணிக் கட்டடம். 1993 இல் 'பூநகரி தொல்பொருளாய்வு' நூலை வெளியிட்ட பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் இதனைச் சோழர்காலக் கலைமரபோடு தொடர்புபடுத்துகிறார். மழைக்கு இந்த வழி அவ்வளவு மோசமில்லை, மணல் நனைந்தால் இறுகும். சக்கரம் புதைவது களிமண்ணில்தான். மழை கழுவிய மணலில் பழைய ஓட்டுத் துண்டுகள் மேலே தெரியலாம். பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் ஒருபுறமிருக்க, கிடந்த இடத்தை விட்டு எடுத்த ஓடு தன் கதையில் பாதியை இழந்துவிடும்.

பூநகரியைக் காப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் சங்குப்பிட்டிக்குப் போய் நின்றால் விடை கிடைக்கும். அங்கிருந்து கேரதீவுக்குக் களப்பைத் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாடு. பாலம் வருமுன் வாகனங்களை ஏற்றி இறக்கியது 'பாதை' என்று எங்கள் பக்கத்தில் சொல்லும் மிதவை. 288 மீற்றர் நீளமான பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. குடாநாட்டுக்குத் தரைவழியாகப் போவதென்றால் ஆனையிறவு. நீரைக் கடந்து போவதென்றால் இந்தப் பக்கம். ஒல்லாந்தர் ஆனையிறவிலிருந்து கிழக்குக் கரை வரை மூன்று சிறு கோட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவின் ஆழமில்லாத நீரைக் கடந்து குடாநாட்டுக்குப் போய், ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. வன்னியை உள்ளே ஆண்ட வன்னியர்கள் ஒல்லாந்தருக்குக் கொடுத்த திறையும் யானைதான். அந்த வருமானத்தைக் காத்த வாசல்தான் ஆனையிறவு.

இரண்டு நூற்றாண்டு கழித்தும் நிலத்தின் விதி மாறவில்லை. 1990களின் முற்பாதியில் ஆனையிறவிலும் பூநகரியிலும் இராணுவ முகாம்கள் வழியை மறித்தபோது சனங்கள் கிளாலிக் களப்பை இரவில் வள்ளங்களில் கடந்தார்கள். 1991 இலும் 2000 இலும் ஆனையிறவுக்காகவும், 1993 நவம்பரில் பூநகரிக்காகவும் பெருஞ்சமர்கள் நடந்தன. ஒல்லாந்தப் பொறியாளன் கோடு கிழித்த அதே இடங்கள். ஆனையிறவுக் கோட்டையைப் பிற்காலத்தில் வாடிவீடாகப் பயன்படுத்தினார்கள். போர் அதையும் விட்டுவைக்கவில்லை. மழையில் அங்கே இறங்கி நின்றால் இருபக்கமும் நீர், நடுவே வீதியும் தண்டவாளமும். வழிகாட்டிக்கு அதற்குமேல் சொல்ல எதுவும் இருக்காது.

கடவைகளில் கோட்டை கட்டியவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். உள்ளே ஆண்ட வன்னியர்களின் கோட்டை எங்கே என்ற கேள்வி இங்கே எழும். பனங்காமத்தை மையமாகக் கொண்டு, 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தருக்கு எளிதில் பணியாத கயிலாய வன்னியன் போன்றவர்கள் கல் மதிலை நம்பவில்லை. அவர்களுக்குக் காடும் குளமும் மாரி மழையும் போதுமாக இருந்தன. பீரங்கி வண்டி சேற்றில் இறங்கினால் அதை இழுத்தெடுப்பதே ஒரு போர். காலாட்படை காட்டுக்குள் போனால் காய்ச்சல் காத்திருந்தது. ஐரோப்பாவில் இடைக்காலப் பிரபு குன்றின்மேல் கல்மாளிகை கட்டி அதற்குள் பாதுகாப்புத் தேடினான். வன்னியன் மதிலுக்குள் அடைபடாததிலேயே பாதுகாப்பைக் கண்டான். அதனால் பார்க்க வருபவருக்கு அவனுடைய இடிபாடு அதிகம் மிஞ்சவில்லை.

மதிலைவிடக் காடே காவல் என்பதற்கு நல்ல சாட்சி முல்லைத்தீவு. 1803 இல் பிரித்தானியர் கண்டியோடு போர் தொடங்கித் தோற்றுத் தடுமாறிய நேரம். அந்த ஓகஸ்ட் மாதம் 25 ஆம் திகதி வன்னியர் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அங்கிருந்த படைக்குப் பொறுப்பான வொன் டிரிபேர்க் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனார். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 31 ஆம் திகதி, அதே டிரிபேர்க் கற்சிலைமடுவில் வைத்துப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். கோட்டையிலிருந்து ஓடியவர், காட்டுக்குள் வந்து வென்றார். காடு தந்த காவலை மதிப்பிடக் கற்றுக்கொண்ட பிறகுதான் பிரித்தானியரால் உள்ளே வர முடிந்தது. கற்சிலைமடுவில் நட்ட கல் தோற்கடித்தவரின் பெயரில் நின்றது. தோற்றவரின் பெயரில் பின்னாளில் வவுனியாவில் சிலை எழுந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நேரம் இல்லாவிட்டால் கல்லையே பாருங்கள். அது உள்நாட்டுப் போருக்குப் பிந்திய காலத்தில் உடைக்கப்பட்டது என்பதும் அதன் வரலாற்றில் சேர்ந்துவிட்டது.

இனி நடைமுறை. மழைக்காலத்தில் பூநகரியைக் காலையில் முடித்துவிட வேண்டும், மேற்குப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு இருட்டிக்கொண்டு வரும். அடுத்து ஆனையிறவு. அங்கிருந்து பரந்தனுக்குத் திரும்பி முல்லைத்தீவு, கடைசியாக ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடு, மாங்குளம் வழியே வீடு. சப்பாத்தைவிட வாரிட்ட செருப்பு நல்லது. சாப்பாட்டுப் பார்சலைக் காலையிலேயே கட்டிக்கொண்டு போங்கள். வெடிபொருள் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் வீதியை விட்டு இறங்கவே கூடாது. வெள்ளம் மண்ணை நகர்த்தும்போது மண்ணுக்குள் கிடப்பதும் நகரும். புறப்படுமுன் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டங்களும் எவ்வளவு விரைவாக வெள்ளத்தில் மூழ்கின என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். கதவு திறந்திருந்தால் முல்லைத்தீவை வெட்டிவிட்டு ஆனையிறவோடு திரும்புங்கள். இரண்டு இடம் குறைந்துபோனால் ஏமாற்றம்தான். ஆனால் வன்னியில் மழையைக் கேட்காமல் திட்டம் போட்டு அகப்பட்டவர்களில் நீங்கள் முதலாமவர் அல்ல. கோட்டை கட்டிய ஒல்லாந்தக் கும்பனியும் அதைத்தான் கற்றுக்கொண்டது, உங்களைவிட மிக அதிக செலவில்.