மேஜைக்கு அந்தப் பக்கம்!

சூப்பர் மார்க்கெட் அலமாரியில வரிசையா காபி பாக்கெட் பார்த்திருப்பீங்க. எது அங்கே வரணும், என்ன விலைக்கு வரணும்னு முடிவு பண்றவர் யார் தெரியுமா? பையர்! நான் ஆகப்போறது அதுதான்.

'இன்ஜினீயரிங் படிச்சுட்டு காபிக்கொட்டை வாங்கப்போறியா?'னு ஹாஸ்டலே சிரிக்குது. சிரிக்கட்டும்! எங்க ஊர் ஏற்காடு. சேர்வராயன் மலைக்கு 1820-களிலேயே காபியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் விளைச்சலை காபி போர்டுகிட்டதான் ஒப்படைக்கணும். இஷ்டப்பட்டவங்களுக்கு விற்கிற உரிமை எல்லா விவசாயிக்கும் முழுசா கிடைச்சது 1996-லதான். ஆனா, இன்னிக்கும் நியூயார்க் சந்தையில அராபிகா விலை சரிஞ்சா, எங்க வீட்டுல அப்பா முகம் வாடுது.

கொட்டையில ஈரம் எவ்வளவு, தோல் நீக்கினா எத்தனை கிலோ தேறும்... இதையெல்லாம் அளந்துதான் பையர் விலை பேசுவார். அளக்கத்தானே நாம நாலு வருஷம் படிக்கிறோம்?

ஒரே ஒரு உறுத்தல். கம்பெனிக்காகக் குறைச்சுப் பேசறதும் அந்த வேலையில அடக்கம். எதிர்ல அப்பாவே உட்கார்ந்திருந்தா? அவர்கிட்டயே கேட்டேன்.

''எடையைச் சரியா போடு. சந்தை விலையை மறைக்காதே. மீதியைப் பேசித் தீர்த்துக்கலாம்!''

உங்க ஊர்ல என்ன விளையுது? அதுக்கு விலை சொல்றது யாருன்னு ஒருதடவை விசாரிச்சுப் பாருங்களேன்!