ஒரு ஊர்... ஒரு சாம்பியன்... ஒரு இடுப்பு!

'கோல்ஃப்'னு சொன்னதுமே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைத் தொப்பி, பேட்டரி கார், சினிமாவுல வில்லன் டீல் பேசுற பச்சைப் புல்வெளி. கரெக்டா? அந்த இமேஜைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு, மேப்பை விரிங்க. பாஸ்போர்ட், விசா எதுவும் வேணாம். ஸ்காட்லாந்து வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்.

கிழக்குக் கரையில் டண்டீ நகரம். அங்கிருந்து ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கார்னூஸ்டி. இந்த ஊரில் 'கோல்ஃப் ஸ்ட்ரீட்' என்ற பெயரிலேயே ஒரு குட்டி ரயில்வே ஸ்டேஷன் இருக்குன்னா பார்த்துக்கோங்க! ஒரு பக்கம் வடகடல், இந்தப் பக்கம் மணலும் புல்லுமா மைதானம். நடுவில் பாம்பு மாதிரி வளைஞ்சு ஓடுற பாரி ஓடை. கடல்காற்று திசை மாறினால் நேத்து ஆடின மைதானமே இன்னிக்கு வேற மைதானம். இது பப்ளிக் மைதானம், கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம். அந்தக் கட்டணம் நம்ம பாக்கெட் மணிக்குத் தாங்காதுங்கிறது வேற விஷயம்!

இந்த ஊர் ஏற்றுமதி செய்த சரக்கு என்ன தெரியுமா? ஸ்விங்! இங்கிருந்து பல ஆட்டக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினாங்க. ஸ்டூவர்ட் மெய்டன் அதில் ஒருத்தர். அட்லாண்டாவில் அவர் ஆடுறதைப் பார்த்துப் பார்த்தே ஆடக் கத்துக்கிட்ட சின்னப் பையன்தான் பின்னாளில் உலகமே கொண்டாடிய பாபி ஜோன்ஸ்.

சரி, ஸ்விங்கில் அப்படி என்ன சூட்சுமம்? மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் பந்தை நோக்கி இறக்குறதுக்குப் பேரு டவுன்ஸ்விங். மொத்தமே சுமார் கால் செகண்ட் வேலை. அதுக்குள்ள உடம்பில் யார் முதலில் கிளம்பணும்? 'கை'ன்னு சொன்னால் முட்டை மார்க். இடுப்புதான் ஃபர்ஸ்ட்!

வலது கைக்காரர்னா, உடம்பு பாரம் லேசா இடது காலுக்கு மாறணும். உடனே இடது இடுப்பு பின்பக்கமா திரும்பணும். அதுக்குப் பின்னாடி மார்பு, அப்புறம் கை, கடைசியாத்தான் மட்டை. ரிலே ரேஸ் மாதிரி இடுப்பு தன் வேகத்தை மார்புக்குக் கொடுத்துட்டு, தான் மெதுவாகிடும். மார்பு கைக்கு, கை மட்டைக்கு! பந்தைத் தொடும்போது இடுப்பு ஏற்கெனவே இலக்குப் பக்கம் பாதி திரும்பியிருக்கும். துவைக்கிற கல்லில் துணி அடிக்கிறவங்களைக் கவனிச்சுப் பாருங்க. உடம்பு முதல்ல, துணி கடைசியில. அதே மெக்கானிக்ஸ்!

இடுப்பு திரும்பாமல் பக்கவாட்டில் சறுக்கிக்கிட்டே போனால் வேகம் வீண். பந்தை நோக்கி முன்னால தள்ளினால் கை வந்து போக இடமே இருக்காது. பாரம் மாறாமல் வெறுமனே சுத்தினால் மட்டை குறுக்கே வெட்டி, பந்து வலப்பக்கம் வளைஞ்சு ஓடிடும்.

இப்போ கார்னூஸ்டியின் 6-வது குழிக்கு வாங்க. இடப்பக்கம் வேலி. தாண்டினால் அவுட். வலப்பக்கம் மணல் பள்ளங்கள். நடுவில் ஒரு குறுகலான பாதை. அதுக்குப் பேரு 'ஹோகன்ஸ் ஆலி'.

யார் இந்த ஹோகன்? அமெரிக்காவின் பென் ஹோகன். 1949 பிப்ரவரியில் டெக்சாஸில் மூடுபனிக்குள் அவர் காரில் ஒரு பஸ் நேருக்கு நேர் மோதியது. மனைவியைக் காப்பாற்ற அவர் மேல் குறுக்கே பாய்ந்தார் ஹோகன். இடுப்பு எலும்பு, காரை எலும்பு, கணுக்கால், விலா எலும்பு எல்லாம் முறிவு. மறுபடி நடப்பாரா என்பதே சந்தேகம்னு இருந்தது.

1950-ல் காலெல்லாம் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வந்து அமெரிக்க ஓப்பனை ஜெயித்தார். 1953-ல் கார்னூஸ்டிக்கு வந்தார். அவர் வாழ்நாளில் ஆடிய ஒரே பிரிட்டிஷ் ஓப்பன் அதுதான். கடைசி நாள் ஒரே நாளில் 36 குழிகள், கூடவே காய்ச்சல். எல்லோரும் பயந்து ஒதுங்கின அந்தக் குறுகல் பாதையைக் குறிவெச்சே அவர் அடிச்சார்னு இந்த ஊர் இன்னிக்கும் சொல்லுது. கடைசி ரவுண்டு 68, மொத்தம் 282. நாலு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை!

நாலு வருஷம் கழிச்சு, 1957-ல் 'ஃபைவ் லெசன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். டவுன்ஸ்விங்கை ஆரம்பிப்பது எது என்ற கேள்விக்கு அதில் அவர் தந்த பதில்... இடுப்பு! எந்த எலும்பு நொறுங்கியதோ, அதையே நம்பி முதல் ஆளாக அனுப்பியவர் சொன்ன பாடம் அது.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். ஹாஸ்டல் ரூமில் ஒரு துடைப்பத்தைத் தலைகீழாப் பிடிச்சு, மெதுவா சுத்திப் பாருங்க. முதல் ரவுண்டு கை முதலில். ரெண்டாவது ரவுண்டு இடுப்பு முதலில். காற்றில் வர்ற 'விஷ்க்' சத்தமே வித்தியாசத்தைச் சொல்லிடும். ரூம்மேட் தலை மட்டும் ஜாக்கிரதை பாஸ்!