கடல் இரைச்சலை அடக்கப் போய்...

பத்திரிகைக்காரனுக்கு ஒலிக்கலவைப் பொறியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 'மிக்சர்' என்றால் மாலைத் தேநீரோடு கொறிப்பது என்ற அளவில்தான் நெடுங்காலமாக எனது அறிவும் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அந்தப் பொறியிடம் ஒரு பாடம் கேட்க நேர்ந்தது. அதுவும் எனது தொழிலைப் பற்றிய பாடம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி கிழக்கிலங்கையைச் சூறாவளி தாக்கியது. மட்டக்களப்பில் அதை அனுபவித்தவர்களுக்கு இன்றும் அது வெறும் 'சூறாவளி'தான். எந்தச் சூறாவளி என்று யாரும் கேட்பதில்லை. 2023இல், அதன் 45ஆவது ஆண்டையொட்டி வானொலி விவரணம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த இளம் ஊடக நண்பர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, உங்களிட்டப் பழைய கசெற் ஏதும் கிடக்குதோ?"

கிடந்தது. 1998இல், இருபதாவது ஆண்டு நினைவுக் கட்டுரைக்காக, மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கரையோரக் கிராமத்தில் வயது முதிர்ந்த மீனவர் ஒருவரைச் செவ்வி கண்டிருந்தேன். அவருடைய குடிசைக்கும் கடலுக்கும் இடையில் ஐம்பது பாகம்கூட இராது. வாசலில் கதிரையைப் போட்டு, மின்கலத்தில் இயங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பதிவு செய்தேன். கட்டுரையை எழுதி முடித்ததும் கசெற்றை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டேன். குறிப்புப் புத்தகமும் அதனோடு போயிற்று. அந்தப் பெரியவர் பின்னர் காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நண்பர் சிறியதொரு டிஜிட்டல் மிக்சரை எனது வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, பொத்தான்களைக் காட்டித் தந்துவிட்டுப் போனார். கசெற் இயந்திரத்தை மிக்சரோடும் மிக்சரைக் கணினியோடும் பொருத்தி ஓடவிட்டேன். பெரியவரின் குரல் வந்தது. ஆனால், அவரைச் சுற்றி ஒரு சந்தையே வந்து நின்றது.

முதலாவது, வண்டு ரீங்கரிப்பதுபோல் விடாத ஓர் உறுமல். நமது நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை ஆடுவது. அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸும் ஒலிக்குள் புகுந்தால் இந்த உறுமல் பிறக்கும். கசெற் இயந்திரம் பழைய அம்பிளிஃபயரோடும் இணைந்திருந்தது. அம்பிளிஃபயர் ஒரு சுவரிலும் மிக்சர் எதிர்ச்சுவரிலும் மின்சாரம் எடுத்தன. இரண்டுக்கும் தனித்தனியே புவித்தொடுப்பு. நடுவில் ஒலிக்கம்பிகள் இரண்டையும் பிணைத்து ஒரு வளையத்தை உண்டாக்கியிருந்தன. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். அம்பிளிஃபயரின் கம்பியைக் கழற்றியதும் உறுமல் நின்றது. எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகுவதும் பயன் தரும். பிளக்கின் புவிக்காலை முறித்துவிட்டாலும் உறுமல் நிற்கும் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. உயிரில் ஆசையுள்ளவர்கள் அதைச் செய்ய வேண்டாம்.

இரண்டாவது, 'ஸ்ஸ்' என்ற சீறல். அதில் ஒரு பங்கு காந்த நாடாவோடு கூடப் பிறந்தது. மறு பங்கு எனது அறியாமையால் வந்தது. நுழைவாயிலில் ஒலியை மிகக் குறைவாக எடுத்துக்கொண்டு, பிறகு அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். பின்னால் உயர்த்தும்போது குரலோடு சீறலும் சேர்ந்தே உயரும். உரத்த இடங்களில் அளவுமானி கழித்தல் 12 டெசிபெல் அருகே தொடுமாறு உள்ளீட்டைச் சரிசெய்தேன். பயன்படுத்தாத வாயில் ஒன்றில் ஒலிவாங்கி திறந்தபடி கிடந்து, எனது மின்விசிறியின் சத்தத்தையும் பதிவுக்குள் கலந்துகொண்டிருந்தது. அதை மூடினேன். டிஜிட்டல் என்ற பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. ஒலி இலக்கமாக மாறுவதற்கு முன்னரே உள்ளே நுழைந்துவிட்ட இரைச்சலை, அதுவும் செய்தி என்றே பொறி எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கடல்.

கடலின் இரைச்சல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. அடித்தொனியிலும் இருக்கும், உச்சத்தொனியிலும் இருக்கும். 80 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வெட்டும் வடிகட்டியைப் போட்டேன். காற்றின் குமுறல் தணிந்தது. அலை அப்படியே இருந்தது. அப்போதுதான் நண்பர் காட்டித் தந்த 'நொய்ஸ் கேட்' நினைவுக்கு வந்தது. அதைக் காவலாளி நிற்கும் ஒரு படலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் குறித்துக் கொடுத்த அளவுக்கு மேல் சத்தம் வந்தால் படலை திறக்கும். குறைந்தால் மூடும். பேச்சு நடக்கும்போது திறந்தும் பேச்சு நிற்கும்போது மூடியும் கொள்ளும் என்பது கணக்கு. அலை உள்ளே வராதபடி அளவைச் சற்று உயர்த்தி வைத்தேன். இடைவெளிகளில் கடல் மறைந்தது. கலையகத்துக்குள் இருந்து பேசுவதுபோல் பெரியவர் தெளிவாகப் பேசினார். அப்படியே பதிவு செய்து, மிகுந்த பெருமையோடு நண்பருக்கு அனுப்பிவைத்தேன்.

"அண்ணை, பிரமாதம்! இந்த இடத்தைத்தான் முன்னுக்குப் போடப்போறன்," என்றார் நண்பர்.

அவர் சொன்ன இடம் இதுதான்: "தென்னைமர உயரத்துக்குக் கடல் எழும்பி வந்ததை நான் கண்டன். விடியக்குள்ள பாத்தா ஊரைக் காணல்ல."

எனக்கும் புல்லரித்தது. விவரணத்துக்கு எழுத்துவடிவம் வேண்டும் என்று அவர் கேட்டபடியால், சப்பாத்துப் பெட்டியிலிருந்த குறிப்புப் புத்தகத்தையும் எடுத்து ஒப்புநோக்கத் தொடங்கினேன். 'தென்னை உயரம் - கடல்' என்ற குறிப்பைக் கண்டேன். அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், எனது கையெழுத்தில் ஒரு சொல் கோடிடப்பட்டிருந்தது: 'கேள்வி.'

ஒருவர் தாம் நேரில் காணாததைச் சொல்லும்போது நான் இடும் அடையாளம் அது.

மீண்டும் கசெற்றைப் போட்டேன். இருபத்தைந்து ஆண்டு பழைய நாடா. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் இதுதான் கடைசித் தடவையோ என்ற பயம். படலையைத் திறந்துவிட்டு, அலையும் காற்றும் வரட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் உரத்த குரலில், "தென்னைமர உயரத்துக்குக் கடல் எழும்பி வந்ததை நான் கண்டன்," என்றார். பிறகு, குரல் மிகத் தாழ்ந்து, அலையோடு அலையாக, "எண்டு சொல்லமாட்டன். கண்ட ஆக்கள் சொன்னதுதான்," என்றார். அதன்பிறகே விடியலைப் பற்றிய வாக்கியம் வந்தது. அன்றிரவு முழுவதும் பிள்ளைகளை அணைத்தபடி கோயில் மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக அதற்குச் சற்று முன்னர் அவரே சொல்லியும் இருந்தார்.

காணாததைக் கண்டேன் என்று சொல்ல மறுத்த ஒரு நேர்மையான மனிதரை, ஒரு பொத்தானைத் திருகி நான் பொய்ச்சாட்சி ஆக்கியிருந்தேன்.

இது தற்செயல் அன்று என்பது யோசிக்க யோசிக்கப் புரிந்தது. தமிழில் வாக்கியத்தின் உயிர் அதன் வாலில் இருக்கிறது. வினை கடைசியில் வரும். இல்லை, மாட்டேன், முடியாது என்ற மறுப்பும் கடைசியில் வரும். என்றார்கள், போலிருக்கிறது என்பனவும் அங்கேதான். 'வந்தது' என்பதை 'வந்ததாம்' ஆக்கி, கண்டதைக் கேள்விப்பட்டதாக மாற்ற ஓர் 'ஆம்' போதும். நம்மவர் பேசும்போது, அதிலும் வயதானவர்கள் பேசும்போது, மூச்சுக் குறைந்து குரல் தாழ்வதும் அதே இடத்தில்தான். காவலாளிக்குத் தமிழ் தெரியாது. குரல் தாழ்ந்ததும் படலையைச் சாத்திவிடுகிறான்.

உடனே நண்பரை அழைத்துச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்ப அந்த இடம் விழுந்துபோச்சு அண்ணை," என்றார். கவலை அவருக்கு. "விழவில்லை தம்பி, இப்பதான் அது எழும்பியிருக்கு," என்றேன்.

இந்த முறை எந்தக் கருவியும் தொடாத முழுப்பதிவு ஒன்றை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். அதிலிருந்து ஒரு பிரதியில்தான் கைவைத்தேன். படலையின் அளவைத் தாழ்த்தினேன். மூடும்போது முற்றாக மூடாமல் 6 டெசிபெல் மட்டும் குறையுமாறும், மெதுவாக, அரை விநாடி எடுத்து மூடுமாறும் செய்தேன். அப்படியும் அந்தத் தாழ்ந்த வாக்கியம் அலைக்குள் அமிழ்ந்தது. அதை மட்டும் தனியே பிரித்துக் கையால் உயர்த்தினேன். குரலோடு கடலும் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன்.

விவரணம் ஒலிபரப்பானது. அந்த இடத்தில் இரைச்சல் சற்று அதிகம் என்று ஒருவர் குறை சொன்னதாக நண்பர் பிறகு தெரிவித்தார்.

எனக்கு வேறொரு கவலை. கட்டுரைகளை இறுக்கமாக எழுத வேண்டும், தேவையற்றதை வெட்ட வேண்டும் என்று பயிற்றப்பட்டவன் நான். இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேருடைய வாக்கியங்களின் வாலைச் சிவப்புப் பேனாவால் அறுத்திருப்பேன்? அவற்றை ஒப்புநோக்கக் கசெற் இல்லை. சப்பாத்துப் பெட்டியிலிருந்த மற்றக் குறிப்புப் புத்தகங்களை இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஓரங்களை மட்டும்.