பாலைக்கும் மலைக்கும் ஒரு பாதை

பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் சென்று வந்தவர்களால் எழுதப்படுவன. நான் எழுதப் புகுவதோ, நான் செல்லாத, செல்லவும் போகாத ஒரு பயணத்தைப் பற்றியது. அமெரிக்காவின் கொலராடோ, யூற்றா, அரிசோனா மாநிலங்களிலுள்ள தேசியப் பூங்காக்களினூடாக வரும் செப்ரெம்பரில் என் தாயார் செல்லவிருக்கும் மோட்டார்ப் பயணத்துக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு, கடந்த விடுமுறையில் என்மீது விழுந்தது.

அண்ணா டென்வர் நகரில் தொழில் புரிகின்றார். 2012 இல் புறப்பட்டுச் சென்றவர். திரும்பி வர இன்றுவரை வாய்க்கவில்லை. அம்மா அவரைத் தொலைபேசித் திரையிலேயே கண்டு வருகிறார். அம்மாவுக்கு விசா கிடைத்த அன்றிரவே அண்ணா என்னை அழைத்தார். “எனக்குப் பத்து நாள் லீவு. அம்மாவுக்கு எல்லாத்தையும் காட்டவேணும். நீதானே புவியியல் படிக்கிறாய், பாதையை நீயே போட்டுத் தா” என்றார்.

அம்மாவும் புவியியல் ஆசிரியராக இருந்தவரே. வடமராட்சியில் முப்பது ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆறுகளின் அரிப்பைப் பற்றிய பாடம் வரும்போது, கொலராடோ ஆறு குடைந்த கிராண்ட் கன்யனைக் கரும்பலகையில் படை படையாக வரைந்து காட்டுவார். அந்த வகுப்பில் நானும் இருந்திருக்கிறேன். அவர் வரைந்த இடத்தை அவர் காணப் போகிறார் என்ற எண்ணமே என்னை உற்சாகங் கொள்ளச் செய்தது.

நான் வகுத்த முதற் திட்டத்தில் ஒன்பது பூங்காக்கள் இருந்தன. ரொக்கி மலைப் பூங்காவில் தொடங்கி, ஆர்ச்சஸ், கன்யன்லாண்ட்ஸ், கபிற்றல் றீவ், பிறைஸ், சயன், கிராண்ட் கன்யன், மேசா வேர்டே, பெருமணற் குன்றுகள் எனச் சுற்றி டென்வருக்கு மீளும் பாதை அது. பத்து நாள், மூவாயிரம் கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளுக்கும் புறப்படும் நேரம், சேரும் நேரம், பார்க்கும் நேரம் என நிரல் வகுத்து எழுதியபோது, பரீட்சையில் நல்ல விடை எழுதியவனுக்குரிய பெருமிதம் எனக்கு உண்டாயிற்று.

ஆயின், திட்டத்தை ஆராயப் புகுந்ததும் இடர்ப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. முதலாவது, காலம். யூலையில் ஆர்ச்சஸ் பகுதியின் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொடும். அதே பருவத்தில் திடீர் மழையால் வறண்ட ஓடைகளில் வெள்ளம் பாய்வதும் உண்டு. அவ்வெப்பத்துக்கு அஞ்சிப் பயணத்தைப் பின்போட்டால் மலை வழிமறிக்கிறது. ரொக்கி மலைப் பூங்காவை ஊடறுக்கும் ‘றெயில் றிட்ஜ்’ வீதி 3,713 மீற்றர் வரை ஏறுகிறது. எமது பிதுருதலாகலையின் உச்சியை விட அது ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரமானது. வழமையாக ஒக்ரோபர் நடுப்பகுதியில் பனி அதனை மூடிவிடும். பாலைநிலம் இலையுதிர் காலத்தைக் கேட்கிறது. மலை கோடையைக் கேட்கிறது. இரண்டும் ஒருவாறு இணங்கும் மாதம் செப்ரெம்பர்.

இரண்டாவது, தூரம். கிராண்ட் கன்யனின் தென் விளிம்புக்கும் வட விளிம்புக்கும் நேர்கோட்டில் 16 கிலோமீற்றரே; வண்டியில் சுற்றிச் செல்வதாயின் ஏறத்தாழ 345 கிலோமீற்றர். அப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீற்றர் என்பதை இலங்கைப் படத்தோடு ஒப்பிட்டேன். பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை நீளும் எமது தீவு முழுவதும் அதனுள் அடங்கிவிடுகிறது. யூற்றாவில் கிறீன் றிவர் என்னும் சிற்றூரைக் கடந்தால் ஏறத்தாழ 170 கிலோமீற்றருக்கு எரிபொருள் நிலையமோ கடையோ இல்லை. அங்கு ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் தண்ணீர் கொண்டு செல்லும்படி பூங்காவினர் அறிவுறுத்துகின்றனர். நேரமும் ஒருபடித்தாயில்லை. கோடைகாலத்தில் யூற்றாவினர் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுகின்றனர். அரிசோனாவினர் அவ்வாறு செய்வதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே நவஹோ மக்களின் நிலத்தில் மீண்டும் முன்தள்ளப்பட்ட நேரம். என் நிரலின் பாதி இதனால் பிழையாயிற்று.

திருத்திய படியை அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, பழக்கம் விடாது சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர், “கன்யனிலை எவ்வளவு நேரம் நிக்கிறது?” என்று கேட்டார்.

“இரண்டு மணித்தியாலம், அம்மா.”

“அடியிலை கிடக்கிற கல்லுக்கு நூற்றெழுபது கோடி வயசெண்டு முப்பது வருசமாப் படிப்பிச்சனான். அதைப் பார்க்க இரண்டு மணித்தியாலமோ? இது பயணமில்லைப் பிள்ளை, பட்டியல்.”

எனக்குச் சுருக்கென்றது. முழங்கால் நோவுள்ள அறுபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தி நாளுக்கு எட்டு மணித்தியாலம் வண்டியில் இருக்கவேண்டும் என்பதை என் நிரல் எங்கும் கணக்கில் எடுக்கவில்லை. கடல் மட்டத்தோடு கிடக்கும் குடாநாட்டில் வாழ்ந்த உடம்பு முதல் நாளிலேயே 3,700 மீற்றர் உயரத்தில் மூச்சு வாங்கும் என்பதையும் நான் எண்ணவில்லை. உயரத்தைப் பற்றிப் பாடத்தில் படித்திருந்தேன். அம்மாவின் உயரத்தை மறந்திருந்தேன்.

சிவப்புப் பேனா ஆறு பூங்காக்களை வெட்டியது. எஞ்சியவை மூன்று: ஆர்ச்சஸ், கிராண்ட் கன்யன், ரொக்கி மலை. டென்வரே 1,600 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு இரு வாரங்கள் தங்கி உடம்பு பழகிய பின்னரே புறப்பாடு, மலை இறுதியில். ஒரு நாளில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வண்டி ஓடுவதில்லை. கன்யனின் தென் விளிம்பில் மூன்று இரவுகள். வட விளிம்பின் பழைய விடுதி 2025 யூலையில் மூண்ட காட்டுத்தீயில் அழிந்துவிட்டமையால் அப்பக்கத்து எண்ணம் முன்னரே கைவிடப்பட்டிருந்தது. பத்தாம் நாளுக்கு எதிரே அம்மா எதனையும் எழுத விடவில்லை.

அண்ணாவுக்கு இத்திட்டம் உவப்பாகவில்லை. “மூண்டு இடம்தானோ? இதை விட்டா அம்மாவை இனி எப்ப கூட்டிக்கொண்டு போறது?” என்றார். அக்குரலில் இருந்தது கோபமன்று. பிரிந்திருந்த ஆண்டுகளைப் பூங்காக்களால் ஈடுசெய்ய அவர் முயல்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. தொலைபேசியை வாங்கிய அம்மா, “நான் உன்னைப் பார்க்கத்தான் வாறன் ராசா. மற்றதெல்லாம் வழியிலை வரட்டும்” என்றார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்பதைச் சிலப்பதிகாரம் வழியே நாம் கற்றிருக்கிறோம். அதன் உரிப்பொருள் பிரிவு என்பதனையும் அறிவோம். கொலராடோ மேட்டுநிலத்தின் படத்தை விரித்துப் பார்த்தபோது அக்கருத்துப் புதிதாகப் புலப்பட்டது. அங்கு விளிம்பில் பைன் காடு. ஒன்றரைக் கிலோமீற்றர் கீழே ஆற்றங்கரையில் சுடும் பாலை. மலையும் பாலையும் வெவ்வேறு நாடுகள் அல்ல; ஒரே நிலத்தின் மேலும் கீழும். எமது வீட்டில், அண்ணா சென்ற நாளிலிருந்து, பாலை அவ்வாறே முற்றத்துக்குள் இருந்து வந்திருக்கிறது.

கன்யனின் மேற்படை ஒரு காலத்துக் கடலடிச் சுண்ணக்கல். அதற்கு வயது ஏறத்தாழ 27 கோடி ஆண்டு. எங்கள் கிணற்றைச் சூழ்ந்த வெண்கல்லும் கடலடிச் சுண்ணக்கல்லே. வயதில்தான் அதற்கு மிக இளையது. “அங்கை நிண்டு பார்க்கேக்கை எங்கடை கிணத்தைத்தான் நினைப்பன்” என்கிறார் அம்மா. திட்டத்தின் இறுதிப் படியை நேற்று அண்ணாவுக்கு அனுப்பிவிட்டேன். சிவப்புப் பேனா ஓடிய முதற் படி என் விரிவுரைக் குறிப்பேட்டினுள் இருக்கிறது. அதற்கு அம்மா பத்துக்கு நான்கு புள்ளி இட்டிருக்கிறார்.