கேமராவுக்குப் பதினைந்து நாள், மனுவுக்கு முப்பது நாள்

காஞ்சிபுரம் மாவட்டம் தாமலில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், பட்டா சிட்டா, வருமானச் சான்று எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். சாலையை ஆறு வழியாக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதால் தூசுக்குக் குறைவில்லை. கடைக்காரப் பெண் பழைய துண்டால் கீபோர்டைத் துடைத்துவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்கிறாள்.

எதிரே ஸ்டூலில் ஒரு பெரியவர். மடியில் மஞ்சள் பை. அதிலிருந்து, புகாருக்குக் காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதை எடுத்து நீட்டுகிறார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் எழுத்தே தேய்ந்துபோன ரசீது.

"இன்னா எழுதணும் தாத்தா?"

"கேமரா படம் வேணும்னு எழுது பாப்பா. என் தம்பிய இடிச்சிட்டுப் போன வண்டி நம்பரு அதுலதான் கீது."

தம்பி மொபெட்டில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாராம். பின்னால் வந்த வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இப்போது பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

"எத்தினி மணிக்கு?"

"மாடு கட்டற நேரம்."

"அப்பிடிப் போட முடியாது தாத்தா. இத்தினி மணிலருந்து இத்தினி மணி வரிக்கும்னு கேக்கணும்."

பெரியவர் யோசிக்கிறார். "பால்காரன் கேனைத் தூக்கினு போயிட்டான். கோயில்ல வெளக்கு வெச்சிட்டாங்க. பஸ்ஸு இன்னும் வரல."

அவள் உதட்டுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, மாலை 6.15 முதல் 7.00 வரை என்று தட்டுகிறாள். அவளும் இந்த ஊர்க்காரி. வெளியூர் வக்கீல் குமாஸ்தாவுக்கு அந்த முக்கால் மணி நேரம் பிடிபட்டிருக்காது.

அந்த நம்பருக்கு ஒரு விலை உண்டு. வண்டி யாருடையது என்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு, காயத்துக்கும் போன வருமானத்துக்கும் ஏற்ற இழப்பீடு கேட்கலாம். தெரியாமலே போனால் 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம், அத்தோடு சரி. நாற்பது ஐம்பது வயதில் கால் போன ஒருவர் அந்த 50,000 ரூபாயை வைத்துக்கொண்டு எத்தனை மாதம் ஓட்டுவார்?

ரீசார்ஜ் செய்ய வந்த ஒரு பையன் ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றவன், "பங்க்ல கேமரா இருக்குமே, கேட்டீங்களா?" என்கிறான்.

"கேட்டனே. ஸ்டேஷன்லருந்து லெட்டர் வாங்கினு வா, காட்டறேன்றான். ஸ்டேஷனுக்குப் போனா ஏட்டையா பந்தோபஸ்துக்குப் போயிகிறாரு, நாளைக்கி வான்றாங்க."

"எத்தினி நாளாச்சு?"

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி."

பையன் விரலை மடக்குகிறான். "பன்னெண்டு நாளு. சீக்கிரம் பாருங்க தாத்தா. அந்தப் பொட்டில பதினஞ்சு நாளோ இருவது நாளோதான் நிக்கும். ரொம்பிட்டா பழசு மேலயே புதுசு ஏறிக்கும்."

பெண்ணின் விரல்கள் ஒரு கணம் நிற்கின்றன. திரையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) 2005, பிரிவு 6(1)-இன் கீழ் மனு. பதில் தர 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கு இன்னொரு 30 நாள். பிறகு மாநிலத் தகவல் ஆணையம். சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. மின்னணு வடிவில் உள்ள தரவும் தகவல்தான், வீடியோவாகவே கேட்டு வாங்கலாம். ஆனால் பதில் வரும் நாளில் பதிவு இருக்காது. "கோரிய பதிவு இவ்வலுவலகத்தில் இல்லை" என்ற ஒரு வரியில் கோப்பை மூடிவிடலாம், பொய்யும் சொன்னதாகாது.

பங்க் கேமராவுக்கு அந்த மனுவும் நேராகச் செல்லாது. அது தனியார் சொத்து. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 94-இன்படி விசாரணை அதிகாரி எழுதிக் கேட்டால் பங்க்காரர் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதவேண்டியவர்தான் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்.

பதிவு அழிந்துபோவதை எப்போதும் இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீசார் அடித்த இரவுக்கான பதிவு கிடைக்கவில்லை. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பாரதிதாசன் தம் அறிக்கையில் காரணம் எழுதினார்: ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லையென்றால் ஓராண்டாவது வேண்டும் என்றது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், காவல் நிலையங்களில் வேலை செய்யும் கேமராக்கள் இல்லை என்பதைத் தானாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டியிருந்தது. வாக்குச்சாவடிப் பதிவுகளின் ஆயுளோ, தேர்தல் ஆணையத்தின் 2025 மே மாதச் சுற்றறிக்கைப்படி, வழக்கு எதுவும் இல்லாவிட்டால் 45 நாள்.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னும் கோயில் சுவரில் இருக்கிறது. ஊர் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் தேர்தல் குடத்தில் இடக்கூடாது என்கிறது அது. இன்றைக்கு அந்த விதி வந்தால் குடங்கள் காலியாகத்தான் கிடக்கும்.

கேட்டவர்களுக்கெல்லாம் படத்தைக் கொடுத்துவிட முடியாது என்பதும் நியாயமே. ஒரு பெண் தினமும் எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறாள் என்று பார்க்க, அவளைத் தொடர்கிறவனும் மனு எழுதிப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ஆனால் பத்திரப்படுத்துவது வேறு, கொடுப்பது வேறு. யாருக்குக் கொடுக்கலாம் என்பதை மெதுவாக முடிவு செய்யட்டும். அழியாமல் எடுத்து வைக்க அரை மணி நேரம் போதும். புலன்விசாரணைக்கு இடைஞ்சல் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவைக் காட்டித் தட்டிக்கழிப்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுக்கக் காரணம் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-லேயே பகத் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது.

கடைக்காரப் பெண் முதல் மனுவைப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, கேட்காமலே இன்னொரு பக்கத்தைத் திறக்கிறாள். "இத மொதல்ல இன்ஸ்பெக்டர்கிட்ட குடுங்க தாத்தா. படம் அழியாம எடுத்து வெக்கச் சொல்லி எழுதிகிறேன். நகல்ல சீல் போட்டு வாங்காம வராதீங்க. இன்னொரு நகல் பங்க்ல குடுத்துடுங்க."

பெரியவர் கையெழுத்துப் போடுகிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். வில்லையில் பசை தடவி ஒட்டி, பெருவிரலால் நாலு மூலையும் அழுத்துகிறார். டைப்புக்கும் ஜெராக்ஸுக்கும் அவள் கேட்டது அறுபது ரூபாய். அதை அவர் பேரம் பேசவில்லை.

இது யாருக்கும் நடக்கலாம். நடந்தால் படம் கேட்பதற்கு முன்னால், பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், கேமரா இருக்கும் இடம், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். எண் நாலும் அதில் இருக்கட்டும். காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்கு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். ஆர்.டி.ஐ. மனுவை அதற்கு அடுத்த நாள் போட்டாலும் கெட்டுப்போகாது.