மீன்கார அக்காவின் கேள்வி

கருங்கல் டீக்கடைகளில் பேப்பரை விரித்து அணுசக்தி பேசுவது ஆண்கள்தான். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட மணல் கனிமங்களை எடுக்கும் திட்டம் வந்தபோது, எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கேட்டார்: “மண்ணத் தோண்டினா கெணத்துல உப்புத்தண்ணி ஏறாதா மக்ளே?”

“பொம்பளைகளுக்கு என்ன சயின்ஸ் தெரியும்?” என்று வீட்டு ஆண்கள் சிரித்தார்கள். தோரியத்தைப் பற்றிப் பேசிய அவர்களில் ஒருவரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீர் கோருபவள் கேட்டாள்.

அக்காவின் கேள்வி அரசுக் காகிதத்தில் ஏறக்கூடிய இடம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 2024 அக்டோபர் 1இல் நடக்கவிருந்த அது தள்ளிவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அப்படியொரு கூட்டமே தேவையில்லை என்றது ஒன்றிய அரசு.

ஆண்களுக்கு டீக்கடை இருக்கிறது. நமக்கு அந்தக் கூட்டம் வேண்டும். அதைத் திரும்பக் கேட்போம்.